எங்கள் கேம் பட்டியலை எங்கள் கையில் கொடுங்கள்: இணையக் கேம் கடைகளின் நிர்வாகிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நிர்வாகிகளுக்கு,

வணக்கம். கணினி கேம்களை இணையத்தில் விற்கும் ஸ்டீம் கடை 2003 செப்டம்பரில் தொடங்கப்பட்டது. அதன் பிறகு வந்த தள்ளுபடி விற்பனைகள், மொத்தமாகக் கட்டித் தரும் தொகுப்புகள், 2018 டிசம்பர் முதல் எபிக் கடை தொடர்ந்து தரும் இலவச கேம்கள் என எல்லாம் சேர்ந்து, ஒருவர் கணக்கில் ஆயிரம் கேம்கள் இருப்பது இன்று அதிசயமில்லை. அந்த ஆயிரமும் நான்கைந்து கடைகளில் சிதறிக் கிடக்கின்றன. விற்பதில் நீங்கள் காட்டும் அக்கறையில் கால் பங்கையாவது, விற்றவற்றை ஒழுங்காக அடுக்க உதவுவதில் காட்டுங்கள் என்று கேட்கவே எழுதுகிறேன்.

அகரவரிசை ஒன்றை மட்டும் நம்பினால் என்ன ஆகிறது என்று பாருங்கள். ஃபைனல் ஃபேன்டஸி பாகங்களின் எண்கள் ரோமன் எழுத்தில் இருப்பதால் ஒன்பதாம் பாகம் (IX) ஐந்தாம் பாகத்துக்கு (V) முன்னால் வந்து நிற்கிறது. பயோஷாக்கின் 2007 மூலமும் 2016இல் வந்த மெருகேற்றிய பதிப்பும் தனித்தனிக் கேம்களாக எண்ணிக்கையைக் கூட்டுகின்றன. ரெசிடென்ட் ஈவில் 4 இதற்கு நேர்மாறு: 2005இல் வந்ததும் 2023இல் புதிதாக உருவாக்கப்பட்டதும் ஒரே பெயரில் வெளியாயின. பெயரோடு ஆண்டையும் சேர்க்காவிட்டால், ஆடிப் பார்த்தவருக்குத்தான் இரண்டும் வேறு வேறு என்று தெரியும்.

சீர்காழியில் பிறந்த நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன் 1933இல் நூல்களை அடுக்குவதற்கான கோலன் வகைப்பாட்டை வெளியிட்டபோதே, ஒரு நூலை ஒரே தலைப்புக்குள் அடைக்காமல் அதன் பல முகங்களைத் தனித்தனியாகக் குறிக்க வழி சொல்லிவிட்டார். கேமுக்கும் அதுவே சரி. எந்த வகை, எந்தக் கருவியில் ஓடும், எத்தனை பேர் ஆடலாம், முடிக்க எவ்வளவு நேரம் ஆகும், இணையம் வேண்டுமா என்பதெல்லாம் தனித்தனி முகங்கள். "தம்பியோடு ஒரே திரையில் ஆடக்கூடியது, இரண்டு மணி நேரத்தில் முடிவது, இதுவரை தொடாதது" என்று கேட்டால், எல்லாக் கடைகளிலும் நான் வாங்கியவற்றிலிருந்து பதில் வர வேண்டும்.

இப்போதைக்கு அந்த வேலையை ஒரு விரிதாளில் நானே செய்துவருகிறேன். தொடாதது, பாதியில் நிற்பது, முடித்தது, கைவிட்டது என்று ஒவ்வொரு கேமுக்கும் ஒரு நிலை குறிக்கிறேன். இவற்றில் மிகவும் பயன்படுவது "கைவிட்டது" என்பதுதான். பிடிக்காததைப் பாதியில் நிற்பவற்றோடு விட்டுவைத்தால் அந்த வரிசை பாரமாகத்தான் ஏறிக்கொண்டே போகும். பிளேநைட் என்ற இலவசத் திறமூல மென்பொருள் பல கடைகளின் பட்டியல்களை ஒரே இடத்தில் சேர்த்துக் காட்டுகிறது. தன்னார்வலர்கள் கட்டிய அருமையான வேலை அது. ஆனால் நீங்கள் உள்நுழையும் முறையை மாற்றினால், அவர்கள் அதைச் சரிசெய்து முடிக்கும்வரை பட்டியல் புதுப்பிக்கப்படாமல் நிற்கும்.

எனக்கு மிகவும் கோபம் வருவது வேறொன்றில். ஃபோர்சா ஹொரைசன் 4இன் விற்பனை 2024 டிசம்பர் 15 அன்று நின்றது. ஏற்கெனவே வாங்கியவர்கள் இன்னும் பதிவிறக்கலாம். யூபிசாஃப்டின் தி க்ரூ கேமுக்கு 2024 மார்ச் 31 அன்று சர்வர்களே நிறுத்தப்பட்டன. காசு கொடுத்து வாங்கியவர்களும் அதன் பிறகு ஆட முடியவில்லை. நின்டெண்டோவின் வீ யூ, 3டிஎஸ் விளையாட்டுக் கருவிகளுக்கான இணையக் கடைகள் 2023 மார்ச் 27 அன்று விற்பனையை மூடின. மூன்றும் ஒரே விதமான முடிவல்ல. ஒரு கேம் இன்றும் கடையில் விற்கிறதா, வாங்கியவர் மட்டும் இறக்கிக்கொள்ள முடியுமா, அல்லது செத்தே போய்விட்டதா என்பதை வாங்கியவரின் பட்டியல் ஒரு வரியில் சொல்ல வேண்டாமா? இறக்கி வைக்க வேண்டியவற்றை நேரத்தோடு இறக்கி வைக்க அந்த ஒரு வரி போதும். 2010க்கு முன் அமெரிக்காவில் வெளியான கேம்களில் 87 சதவீதம் இன்று கடைகளில் கிடைப்பதில்லை என்று வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023இல் சொன்னது. இதைத் தெரிந்த பிறகும் ஒருவரால் அலட்சியமாக இருக்க முடியாது.

நீங்கள் விற்பது உரிமம் மட்டுமே என்பதை வாங்கும்போதே தெளிவாகச் சொல்ல வேண்டும் என்று கலிஃபோர்னியா சட்டம் 2025 ஜனவரி 1 முதல் கட்டாயப்படுத்துகிறது. ஐரோப்பாவில் 2018 முதல் அமலில் இருக்கும் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 20ஆம் பிரிவு, ஒருவர் தான் கொடுத்த தரவைக் கணினி படிக்கக்கூடிய வடிவில் கேட்டுப் பெற உரிமை தருகிறது. இந்தியாவின் 2023 சட்டத்தில் அப்படியோர் உரிமை இடம்பெறவில்லை. ஆனால் சட்டம் வரட்டும் என்று நீங்கள் காத்திருக்கத் தேவையில்லை. எல்லாம் உங்கள் தரவுத்தளத்தில் ஏற்கெனவே இருப்பதுதான்.

கணக்குப் பக்கத்தில் ஒரு பொத்தான் வையுங்கள். அழுத்தினால், எந்த விரிதாளிலும் திறக்கக்கூடிய ஒரு சாதாரண சிஎஸ்வி கோப்பு இறங்கட்டும். கேமின் பெயர், பதிப்பு, வாங்கிய நாள், கொடுத்த விலை, வாங்கியதா சந்தாவில் வந்ததா, சேர்ந்து வந்த கூடுதல் பாகங்கள், ஆடிய மணி நேரம், கடைசியாக ஆடிய நாள், இன்றைய நிலை, இணையம் இல்லாமல் ஓடுமா என இத்தனையும் அதில் இருக்கட்டும். நாங்கள் எழுதிய குறிப்புகளும் போட்ட வகைப்பிரிவுகளும் அதே கோப்பில் வர வேண்டும். கணக்கை மூடுபவருக்கும், மூடுவதற்கு முன்பே அந்தக் கோப்பைக் கொடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாடிக்கையாளர் ஒருவர்