மூன்று என்று வட்டமிட்டவள்

ஈசூன், சிங்கப்பூர்
ஞாயிற்றுக்கிழமை இரவு

அன்புள்ள செல்வி,

உன் கடிதம் கிடைத்துப் பத்து நாள் ஆகிறது. அம்மா முழங்கால் அறுவை சிகிச்சை முடிந்து, கைத்தடியோடு கோயில் வரை நடந்துவிட்டார் என்று படித்ததும் மனம் குளிர்ந்தது. இங்கே எல்லாரும் நலம். சின்னவன் தேசிய சேவையை முடித்துவிட்டான்.

உங்கள் சமூகப்பணி மாணவர்களின் உணர்வறிவை, அதாவது தன் உணர்வையும் பிறர் உணர்வையும் புரிந்து நடந்துகொள்ளும் திறனை, அளக்க ஒரு வினாநிரலைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு உன்னிடம் வந்திருப்பதாகவும், தாதிமை மாணவர்களிடம் நாங்கள் அதைச் செய்து பார்த்த அனுபவத்தைச் சொல்லும்படியும் எழுதியிருந்தாய். சுருக்கமாகச் சொல்ல வராது. சற்றுப் பொறுமையாகப் படி.

நாங்கள் எடுத்துக்கொண்டது, ஷுட்டேயும் அவருடைய சகாக்களும் 1998-இல் வெளியிட்ட, 33 கூற்றுகள் கொண்ட வினாநிரல். ஒவ்வொரு கூற்றும் தனக்கு எவ்வளவு பொருந்தும் என்று மாணவரே 1 (சற்றும் இல்லை) முதல் 5 (முழுக்கப் பொருந்தும்) வரை ஓர் எண்ணை வட்டமிட வேண்டும். ஆகவே மொத்தம் 33-க்கும் 165-க்கும் இடையில் வரும். பத்து நிமிடத்தில் முடிந்துவிடும் என்பதால்தான் எல்லாரும் அதை விரும்புகிறார்கள். ஆனால் கண் பரிசோதனைக்கு வருபவரிடம் "உங்கள் பார்வை எப்படி?" என்று கேட்டுவிட்டு நாம் கண்ணாடி எழுதித் தருவதில்லை, எழுத்துப் பலகையைப் படிக்கச் சொல்கிறோம். உளவியலாளர்களான சாலொவேயும் மேயரும் 1990-இல் உணர்வறிவு என்ற கருத்தை முன்வைத்தபோது அதை ஒரு திறனாகவே வரையறுத்தார்கள். அதனால்தான் மேயர், சாலொவே, கருசோ மூவரும் பின்னர் உருவாக்கிய 141 கேள்விகள் கொண்ட தேர்வு, முகங்களின் படங்களைக் காட்டி என்ன உணர்வு தெரிகிறது என்று கேட்கிறது; ஒரு சூழலைச் சொல்லி எது பலன் தரும் என்று கேட்கிறது. பிராக்கெட்டும் மேயரும் 2003-இல் இந்தத் தேர்வையும் தன்மதிப்பீட்டு வினாநிரல்களையும் ஒரே மாணவர்களுக்குக் கொடுத்துப் பார்த்தபோது, இரண்டுக்கும் இடையிலான ஒட்டுறவு 0.2 அளவில்தான் இருந்தது (முழுமையாக ஒத்துப்போனால் அது 1, தொடர்பே இல்லையென்றால் 0). தன்னைப் பற்றி ஒருவர் நினைப்பதும் அவரால் செய்ய முடிவதும் அவ்வளவு தள்ளி நிற்கின்றன.

அப்படியானால் திறன் தேர்வையே எடுத்துக்கொள்ளலாமே என்று நீ கேட்பாய். அதில் பெரும்பாலோர் தேர்ந்த விடையோ, 21 உணர்வியல் ஆய்வாளர்கள் ஒப்புக்கொண்ட விடையோதான் சரியான விடை. நம் ஊர் வார்டில் ஹொக்கியன் பேசும் ஒரு சீனத் தாத்தா வாய் திறக்காமல் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறார் என்றால், அந்த மௌனத்தின் பொருளை எந்தப் பெரும்பான்மை சொல்லும் என்ற கேள்விக்கு எனக்கு இன்னும் நிறைவான பதில் கிடைக்கவில்லை.

இனி நான் சொல்ல வந்ததற்கு வருகிறேன். சென்ற தவணையில், அட்டாச்மென்ட் என்று நாம் சொல்லும் மருத்துவமனைப் பயிற்சியின்போது, இடுப்பெலும்பு அறுவை முடிந்த மறுநாள் ஒரு தமிழ்ப் பாட்டி கஞ்சியைத் தொடவே இல்லை. வலி பத்துக்கு எத்தனை என்று கேட்டால் "ஒன்றுமில்லைம்மா" என்பார். பதிவேட்டில் பூஜ்யம் ஏறிக்கொண்டே இருந்தது. குளிரூட்டிய வார்டு என்பதால், அவர் போர்வையைக் கழுத்து வரை இழுத்துக்கொண்டிருந்ததை நான் உட்பட எவரும் பொருட்படுத்தவில்லை. எங்கள் மலாய் மாணவி ஒருத்தி மட்டும், போர்வை சரியும்போதெல்லாம் பாட்டியின் கை முதலில் கழுத்துக்குப் போவதைக் கவனித்திருக்கிறாள். திரையை இழுத்துவிட்டு, நாற்காலியைக் கட்டிலோடு சேர்த்துப் போட்டு உட்கார்ந்து, மலாயில் மெதுவாகக் கேட்டிருக்கிறாள். அந்தத் தலைமுறைக்குச் சந்தை மலாய் தெரியும் அல்லவா, பாட்டி மனம் திறந்துவிட்டார். அறுவைக்கு முன் வளையல்களோடு தாலியையும் கழற்றி மகளிடம் கொடுத்திருக்கிறார்கள். மாலையில் பார்க்க வரும் கணவர் முன் வெறுங்கழுத்தோடு கிடப்பதை அவரால் தாங்க முடியவில்லை. மாணவி வார்டு பொறுப்பாளரிடம் கேட்டுக்கொண்டு மகளைத் தொலைபேசியில் அழைத்தாள். கணவர் வருவதற்கு முன்பே, மஞ்சள் கயிற்றில் ஒரு துண்டு மஞ்சளைக் கோத்து மகள் கட்டிவிட்டாள். அன்று இரவு கஞ்சிக் கிண்ணம் காலியாகத் திரும்பியது.

செல்வி, தாலி அணிந்தவள் நான். எனக்குத் தோன்றாதது அந்தப் பெண்ணுக்குத் தோன்றியது. வீட்டுக்கு வந்ததும் அவளுடைய தாளைத் தேடி எடுத்தேன். பிறர் முகத்தைப் பார்த்தே அவர்கள் மனநிலையை அறிந்துகொள்வேன் என்ற கூற்றுக்கு 3 என்று வட்டமிட்டிருந்தாள். மொத்த மதிப்பெண்ணும் வகுப்பில் கடைசி வரிசையில்தான் இருந்தது. ஏன் 3 என்று மறுநாள் கேட்டேன். "சில நேரம் தெரியும், சில நேரம் தெரியாது மேடம். அதனால்தான் கேட்டுவிடுவேன்" என்றாள். தனக்குத் தெரியும் என்று 5 போட்டவர்கள் கேட்கத் தேவையில்லை என்று நினைத்திருக்கலாம்.

பயிற்சி முடிந்தபின் அதே வினாநிரலை மீண்டும் கொடுத்தோம். பலருக்கு மதிப்பெண் குறைந்திருந்தது. கூட்டத்தில் எல்லாரும் கவலைப்பட்டார்கள். அமெரிக்க மருத்துவ மாணவர்களிடம், நோயாளிகளைப் பார்க்கத் தொடங்கும் மூன்றாம் ஆண்டில் பரிவு குறைகிறது என்று ஹோஜாத் குழுவினர் 2009-இல் எழுதியதையும் ஒருவர் நினைவூட்டினார். அதுவும் மாணவர்களே தங்களுக்கு இட்டுக்கொண்ட மதிப்பெண்தான். உண்மையாகவே மனம் மரத்துப் போகிறவர்கள் உண்டு, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் நோயாளியின் முன் நின்றபின், தான் நினைத்த அளவுக்குத் தனக்குப் பிறர் மனம் புரியவில்லை என்று உணர்ந்து 5-ஐ 4 ஆக்கியவளும் அதே சரிவில்தான் இருக்கிறாள். எண்ணைப் பார்த்து இருவரையும் பிரிக்க முடியாது.

அதே கூட்டத்தில், அடுத்த ஆண்டு முதல் மாணவர் சேர்க்கைக்கே இந்த மதிப்பெண்ணை ஒரு வரம்பாக வைக்கலாம் என்ற யோசனையும் எழுந்தது. எனக்குக் குரல் நடுங்கிவிட்டது. கல்லூரியில் இடம் வேண்டும் என்பவர் எந்த எண்ணை வட்டமிடுவார் என்பது யாருக்குத் தெரியாது? அந்த மலாய்ப் பெண் வெளியே நின்றிருப்பாள். யோசனை இப்போதைக்கு ஒத்திவைக்கப்பட்டிருக்கிறது. விடுவதாக இல்லை நான்.

உனக்கு என் ஆலோசனை இதுதான்: நேரம் குறைவென்றால் ஹாங்காங்கில் வோங்கும் லாவும் 2002-இல் வெளியிட்ட 16 கூற்றுகளே போதும். ஆனால் எண்ணைக் கோப்பில் பூட்டி வைக்காதே. தாளை மாணவரிடமே திருப்பிக் கொடுத்து, வீட்டுச் சந்திப்புக்கு உடன் சென்ற மேற்பார்வையாளர் கண்ணால் கண்டதை அதன் பக்கத்தில் வைத்து, எந்த வரியில் இரண்டும் ஒத்துப்போகவில்லை என்று உட்கார்ந்து பேசச் சொல். எங்களுக்கு ஒரு மாணவருக்கு இருபது நிமிடம் பிடித்தது. இருபது நிமிடத்துக்கு ஆள் கிடையாது என்று உங்கள் நிர்வாகம் சொன்னால், அளப்பதையே தள்ளிப் போடுவது நல்லது.

நாங்கள் பயன்படுத்திய கவனிப்புக் குறிப்புத் தாளைத் தனியே அனுப்புகிறேன். அதில் மருத்துவமனைக்குரியவற்றை அடித்துவிட்டு உன் துறைக்குரியதை எழுதிக்கொள். டிசம்பர் விடுமுறையில் ஈப்போ வருகிறோம். அம்மாவிடம் நான் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
மாலா