மூழ்கிப்போன சங்கிலி

தங்கச்சிமடம்
ஆகஸ்ட் 2025

அன்புள்ள மாப்பிள்ளை,

நலமா? தங்கச்சியும் பிள்ளைகளும் சுகமா? தினமும் போனில் காலை வணக்கம் அனுப்பிக்கொள்கிறோம், இருந்தாலும் இந்த விஷயத்தை அதில் நாலு வரியாகத் தட்டிவிட மனசு வரவில்லை. பேப்பரை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்து ரெண்டு நாளாகிறது, இன்றைக்குத்தான் முடிக்கப் போகிறேன் என்று நினைக்கிறேன்.

ஊர்ச் செய்தி கொஞ்சம். 2022 டிசம்பரில் நின்றுபோன ரயில், ஏப்ரல் 6-ஆம் தேதி பாம்பனில் புதுப் பாலம் திறந்த பிறகு மறுபடி ஓடுகிறது. நடுவில் இருக்கிற தூக்குப் பகுதி அப்படியே செங்குத்தாக மேலே ஏறுகிறது, நாம் சின்ன வயதில் பார்த்த மாதிரி ரெண்டு கையும் பிரிந்து தூக்குவது இல்லை. பழைய பாலம் பக்கத்திலேயே சும்மா நிற்கிறது, அதைப் பார்க்கும்போது மட்டும் ஒரு மாதிரி இருக்கிறது. மீன்பிடித் தடைக்காலம் முடிந்து ஜூன் 15-லிருந்து விசைப்படகுகள் போய்க்கொண்டிருக்கின்றன. நான் அடுத்த வருஷம் மே மாதத்தோடு ஓய்வு.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நம் பள்ளியில் மாதம் ஒருவரைக் கூப்பிட்டுப் பேச வைக்கிறோம் என்று சொல்லியிருந்தேன் இல்லையா, நல்ல நிலைக்கு வந்தவர்கள், பதவியில் இருந்தவர்கள், அவர்கள் வந்த பாதையை அவர்கள் வாயாலேயே பிள்ளைகள் கேட்கட்டும் என்று. அது எப்படித் தொடங்கியது என்று உனக்குச் சொன்னேனா தெரியவில்லை. பதினொன்றாம் வகுப்பில் ஒரு நாள் என்ன ஆகப் போகிறீர்கள் என்று கேட்டேன். பாதிப் பேர் கலெக்டர் என்றார்கள். கலெக்டர் காலையில் பத்து மணிக்கு ஆபீசுக்கு வந்ததும் முதலில் என்ன செய்வார் என்று கேட்டேன், ஒரு பிள்ளைக்கும் தெரியவில்லை. அதே பையன்களிடம் நண்டு வலைக்கும் சூடை வலைக்கும் கண் அளவு எப்படி வேறுபடும் என்று கேட்டுப் பார், விரலை விரித்துக் காட்டுவார்கள். அப்பாவோடு வத்தைப் படகில் ஏறிப் பார்த்த வேலை அது, பார்த்ததால் தெரிகிறது. மற்ற வேலைகளையெல்லாம் அவர்கள் பெயராக மட்டும்தான் கேட்டிருக்கிறார்கள். அன்றைக்குத்தான் வேலை பார்த்தவர்களையே கூட்டி வர வேண்டும் என்று பட்டது.

வந்தவர்கள் எல்லோரும் நன்றாகப் பேசினார்கள் என்று சொல்ல மாட்டேன். ஒருவர், பெயர் வேண்டாம், ரெண்டு மணி நேரம் தாமதமாக வந்தார், பிள்ளைகள் வேப்ப மரத்தடியில் காத்துக் கிடந்தார்கள், வந்தவர் தான் வாங்கிய விருதுகளை வரிசையாகச் சொல்லிவிட்டுக் கனவு காணுங்கள் என்று முடித்துவிட்டுக் கிளம்பிவிட்டார். கலாம் அந்த வார்த்தையைச் சொன்னபோது அதற்குப் பின்னால் ஒரு வாழ்க்கை முழுக்க நின்றது. 1979 ஆகஸ்ட் 10-ஆம் தேதி, கலாம் தலைமையில் செய்த எஸ்.எல்.வி.-3 ராக்கெட் கடலில் விழுந்தபோது பத்திரிகைக்காரர்கள் முன்னால் போய் உட்கார்ந்து பொறுப்பை ஏற்றுக்கொண்டவர் அப்போதைய இஸ்ரோ தலைவர் சதீஷ் தவான். அடுத்த வருஷம் ஜூலை 18-இல் ராக்கெட் சரியாகப் போனபோது, போய்ப் பேசு என்று கலாமை அனுப்பியவரும் அவர்தான். இதைக் கலாம் எத்தனை மேடையில் சொல்லியிருக்கிறார்! வெற்றியைப் பேச வந்த இடத்தில் தன் தோல்வியையும், அந்தத் தோல்வியை வாங்கிக்கொண்டவரையும் சேர்த்துச் சொன்னார். நான் பேசக் கூப்பிடுகிறவர்களிடம் எதிர்பார்ப்பது இவ்வளவுதான்.

அப்படிப் பேசியவர்களும் உண்டு. ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்ற ஒரு பொறியாளர் வந்தார். 64 புயலில் பாம்பன் பாலம் போனதும், ரயில்வே அதைச் சீராக்க ஆறு மாதக் கெடு வைத்ததும், ஸ்ரீதரன் என்கிற, அப்போது 32 வயதுதான் இருக்கும், அந்த அதிகாரி 46 நாளில் முடித்ததும் எல்லோரும் கேள்விப்பட்ட கதைதான். ஆனால் இவர் அதை எப்படிச் சொன்னார் என்றால், கடலுக்குள் கிடக்கிற ஒரு கர்டரை, பாலத்து இரும்பு உத்திரத்தை, எங்கே கட்டித் தூக்குவது, தூணில் உட்கார வைக்கும்போது எந்த இடத்தில் நழுவும் என்று கரும்பலகையில் படம் போட்டுக் காட்டினார். ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் எழுந்து, அப்போது வாடைக்காலம்தானே சார், நீரோட்டம் இழுத்திருக்குமே, எப்படிக் கட்டினார்கள் என்று கேட்டான். அந்த மனிதர் அப்படியே சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு அவனைப் பக்கத்தில் கூப்பிட்டு, நீ சொல்லு, வாடையில் இங்கே தண்ணீர் எப்படி ஓடும் என்று அவனிடம் கேட்டுக்கொண்டார். அந்தப் பையன் இப்போது லீவு நாளில் பாலத்தடியில் போய் நிற்கிறான் என்று அவன் அம்மா சொல்கிறார். அவன் கணக்கில் இன்னும் மோசம்தான், ஆனால் வகுப்பில் முன் பெஞ்சுக்கு வந்துவிட்டான்.

இன்னொன்றும் கவனித்தேன். பெரிய ஆள் என்றால் வெளியூரிலிருந்து காரில் வர வேண்டும் என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். சின்னப்பாலத்து லட்சுமி அக்காவுக்கு, விரலில் துணி சுற்றிக்கொண்டு கடல்பாசி எடுக்கிற நம் ஊர்ப் பெண்களில் ஒருவருக்கு, 2015-ல் சுற்றுச்சூழலைக் காப்பவர்களுக்குத் தருகிற அமெரிக்காவின் சீகாலஜி பரிசு கிடைத்ததே, அதை வகுப்பில் சொன்னேன். மாதத்தில் 12 நாள் மட்டும் பாசி எடுப்பது, மற்ற நாள் கடலுக்கு ஓய்வு என்று தங்களுக்குள்ளேயே கட்டுப்பாடு வைத்துக்கொண்ட பெண்கள் அவர்கள். அதே தண்ணீரில் தாங்களும் முங்கி எழுந்த பிள்ளைகள், நிஜமாவா சார் என்று கேட்டார்கள்.

இப்போது நான் எழுத வந்த இடம். கலாம் மறைந்து பத்து வருஷம் ஆகிறது, ஜூலை 27. அந்த வாரத்தில் பேய்க்கரும்பு நினைவிடத்துக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போனோம், மறுநாள் பள்ளியில் விண்வெளித் துறையில் இருந்து ஓய்வு பெற்ற ஒரு விஞ்ஞானி பேசினார். நல்ல மனிதர். கலாம் சென்னையில் எம்.ஐ.டி.யில் சேர இடம் கிடைத்தும் கட்டுவதற்குக் கிட்டத்தட்ட ஆயிரம் ரூபாய் இல்லாமல் நின்றதையும், அக்கா ஜோஹரா தன் தங்க வளையலையும் சங்கிலியையும் அடகு வைத்து அனுப்பியதையும் அழகாகச் சொன்னார். எல்லோரும் கை தட்டினார்கள், நானும்தான் தட்டினேன். தட்டி ஓய்ந்ததும் பத்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி எழுந்தாள். அப்பாவுக்கு நாட்டுப்படகு, அம்மா மீன் வாடிக்குப் போகிறார்.

"சார், அந்த அக்கா நகையைத் திருப்பிட்டாங்களா?"

அவர் கொஞ்சம் யோசித்தார். நான் சம்பாதித்து மீட்டுத் தருவேன் என்று கலாம் மனசுக்குள் உறுதி எடுத்துக்கொண்டார்மா, அது வரைக்கும்தான் எனக்குத் தெரியும் என்று நேர்மையாகச் சொன்னார். அவள் உட்காரவில்லை. "எங்க அண்ணன் காலேஜுக்கு என் தோடு பேங்க்ல இருக்கு சார், அதான் கேட்டேன்" என்றாள்.

மாப்பிள்ளை, அத்தனை பிள்ளைகள் இருந்த இடத்தில் ஒரு சத்தம் இல்லை. அவள் காதில் வேப்பங்குச்சி செருகியிருந்தாள். ஒரு வருஷமாக அவளுக்குப் பாடம் எடுக்கிறேன், அதை நான் பார்த்ததே இல்லை.

அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. இத்தனை மாதமாக எத்தனை பேரை மேடையேற்றினோம், எப்படிப் படித்தீர்கள், எப்படி ஜெயித்தீர்கள் என்று கேட்டோம், யார் பணம் கட்டினார்கள் என்று ஒரு தடவை கூடக் கேட்கவில்லையே என்று அதுதான் ஓடிக்கொண்டே இருந்தது. நம் கரைக்கு வந்து பேசிய பெரியவர்களிலேயே பெரியவர் விவேகானந்தர், 1897 ஜனவரி 26-ஆம் தேதி பாம்பனில் வந்து இறங்கினார், ராமநாதபுரம் ராஜா பாஸ்கர சேதுபதி எதிரே போய் வரவேற்றார், வண்டிக் குதிரைகளை அவிழ்த்துவிட்டு ஜனங்களே இழுத்துப் போனார்கள் என்று நமக்கு நாலாம் வகுப்பிலிருந்து சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். அவர் இறங்கிய குந்துகால் கரைக்கு நாம் சைக்கிளில் எத்தனை தடவை போயிருப்போம். அவர் சிகாகோவுக்குக் கப்பல் ஏறுவதற்கான பணத்தில், சென்னையில் அளசிங்கப் பெருமாள் என்ற ஒரு பள்ளிக்கூட வாத்தியார் வீடு வீடாகப் போய்க் கையேந்தி வசூலித்த பணமும் இருந்தது. வாத்தியாராக இருந்து 30 வருஷம் கழித்துத்தான் அந்தப் பெயரை நான் வகுப்பில் முதல் தடவை சொன்னேன். சொல்லும்போது எனக்கே தொண்டை அடைத்தது.

அப்புறம் உன் ஞாபகம் வந்தது.

84-ல் உனக்குப் பாலிடெக்னிக்கில் இடம் கிடைத்து, பணம் கட்ட நாலு நாள்தான் இருந்தது. ரோட்டுப் பாலம் 88-ல்தான் வந்தது, அப்போது ரயிலை விட்டால் அக்கரைக்குப் போக வழி இல்லை. நீ, நான், உன் அக்கா மூன்று பேரும் ராமநாதபுரத்துக்குப் போனோம். அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்து கைக்குட்டையில் முடிந்த சங்கிலியை மடியில் வைத்துக்கொண்டு, பாலம் தாண்டுகிற வரைக்கும் அதன் மேலிருந்து கையை எடுக்கவில்லை. அரண்மனைப் பக்கத்து அடகுக் கடையில் 1,800 ரூபாய் கொடுத்தார்கள். நாம் ரெண்டு பேரும் சந்தோஷத்தில் பரோட்டா சாப்பிட்டோம், அக்கா டீ மட்டும் போதும் என்றாள். அன்றைக்கு எனக்கு அதில் ஒன்றும் தோன்றவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை அக்காவைப் பார்க்கப் போனேன். திண்ணையில் உட்கார்ந்து கணவாய் காய வைத்துக்கொண்டிருந்தாள். அந்தப் பெண் கேட்டதைச் சொல்லிவிட்டு, உன் சங்கிலியைத் திருப்பினாயா அக்கா என்று நேராகவே கேட்டேன். சிரித்தாள். "அது மூழ்கிப் போச்சுப்பா" என்றாள். ரெண்டு வருஷம் வட்டி கட்ட முடியவில்லையாம், அப்பாவின் மீன்பிடி வல்லம் உடைந்து கிடந்த சமயம், கடைக்காரர் ஏலத்தில் விட்டுவிட்டார். உன்னிடம், திருப்பி அழித்துக் குழந்தைக்கு வளையல் செய்துவிட்டேன் என்று சொன்னாளாம். நீ முதல் கப்பல் முடிந்து வந்து ஐந்து பவுனில் வாங்கிக் கொடுத்த சங்கிலிதான் இன்றைக்கும் அவள் கழுத்தில் கிடக்கிறது, அதைத் தொட்டுக் காட்டி, "இது இருக்கே, அது எதுக்கு" என்றாள்.

இதை உனக்கு எழுதலாமா என்று அவளிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். "எழுது, இனிமே என்ன, அவனும் பேரன் எடுத்துட்டான்" என்றாள். கிளம்பும்போது இன்னொன்றும் சொன்னாள், அது எனக்கும் புதிது. நீ பாலிடெக்னிக் சேர்ந்ததற்கு ரெண்டு வருஷம் முன்னால் ஆசிரியர் பயிற்சிக்கு ஒரு விண்ணப்பம் வாங்கிப் பூர்த்தி செய்து வைத்திருந்தாளாம். மண்டபத்துக்குப் போய்ப் போட யாரும் இல்லாமல் பெட்டிக்குள்ளேயே கிடந்ததாம். குறையாகச் சொல்லவில்லை, கணவாயைத் திருப்பிப் போட்டுக்கொண்டே சொன்னாள். எனக்குத்தான் வீட்டுக்கு நடந்து வருகிற வழியெல்லாம் தாங்கவில்லை. அந்த வருஷம் நான் எத்தனை தடவை மண்டபம் போய் வந்திருப்பேன், என்னிடம் கொடுத்திருந்தால் போட்டிருக்க மாட்டேனா?

அதனால் அக்டோபர் கூட்டத்துக்கு உன்னைக் கூப்பிடுகிறேன். முன்பு ரெண்டு தடவை கூப்பிட்டபோது, நான் என்ன பெரிய ஆளா, கப்பலில் நட்டு முடுக்கியவன் என்று தட்டிக் கழித்தாய். இந்தத் தடவை கேட்க மாட்டேன். ஃபிட்டராக ஏறியவன் சீஃப் இன்ஜினீயர் ஆகி, இன்றைக்குச் சிங்கப்பூரில் உட்கார்ந்து பல கப்பல்களுக்கு வேலை சொல்கிறாய், இதை நம் பிள்ளைகள் கேட்க வேண்டும். இன்ஜின் அறையின் சூட்டையும், முதல் ஆறு மாதம் வாந்தி எடுத்ததையும், இங்கிலீஷ் வராமல் பாத்ரூமில் போய் அழுதேன் என்று 91-ல் எனக்குக் கடிதம் எழுதினாயே, அதையும் சொல்லு. அந்தக் கடிதம் என்னிடம் இருக்கிறது.

ஆனால் பேசப் போவது நீ மட்டும் இல்லை. அக்காவிடம் கேட்டேன். முதலில், எனக்கு என்னப்பா தெரியும், நான் எங்கே போய் மைக் பிடிக்க என்றாள். அந்தப் பெண் பிள்ளை கேட்டதற்கு உன்னைத் தவிர யாராலும் பதில் சொல்ல முடியாது அக்கா என்றேன். ரொம்ப நேரம் பேசாமல் இருந்தாள். அப்புறம், மேடை வேண்டாம், பிள்ளைகளோடு பாயில் உட்கார்ந்து சொல்கிறேன், தம்பி பக்கத்தில் இருக்க வேண்டும் என்றாள்.

தலைமையாசிரியரிடம் பேசிவிட்டேன், விசைப்படகு போகாத நாளாகப் பார்த்துத் தேதி வைக்கலாம், அப்பா அம்மாக்களும் வருவார்கள் என்கிறார். முக்கியமாக அந்தப் பெண்ணின் அப்பாவையும் அண்ணனையும் நானே வீட்டுக்குப் போய்க் கூப்பிடப் போகிறேன். அவளுக்குப் பதினொன்றில் உயிரியல் எடுக்க ஆசை, வீட்டில் இன்னும் பேச்சு முடியவில்லை.

மதுரையில் இறங்கினால் நான் கார் எடுத்து வருகிறேன். இல்லை, சென்னை வழியாக வருகிறாய் என்றால் ராமேஸ்வரம் ரயிலைப் பிடி, புதுப் பாலத்தில் வரலாம். தேதியை மட்டும் சீக்கிரம் சொல்லு, அக்கா புதுச் சேலை எடுக்க வேண்டுமாம்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரன்