கொம்பும் காலும் நம் டிசைனர் கூட்டமும்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. தொழிலை விட்டுப் போன பிறகும் போர்டு, போஸ்டர் எதைப் பார்த்தாலும் "இது என்ன ஃபாண்ட்?" என்று கண் எழுத்துருவைத் தேடுகிறது என எழுதியிருந்தாய். அது போகாது, விட்டுவிடு. "நம் டிசைனர் கூட்டம் இன்னும் கூடுகிறதா, இல்லை வாட்ஸாப்பில் காலை வணக்கத்தோடு சரியா?" என்றும் கேட்டிருக்கிறாய். கூடுகிறோம். மாதம் ஒரு ஞாயிறு, அதே மாடி அறை. ஆட்கள்தான் மாறிவிட்டார்கள். நம் வயதுக்காரர்கள் ஒரு கைக்குள் அடங்குவோம், மற்றதெல்லாம் சின்னப் பிள்ளைகள். ஃபிக்மா என்ற வடிவமைப்பு மென்பொருளைச் செல்போனிலேயே திறந்து காட்டுகிறார்கள். பக்கம் அமைக்க நாம் வைத்திருந்த பேஜ்மேக்கர் மென்பொருள் 2001இல் 7.0 பதிப்போடு நின்றுபோனது, ஆனாலும் அதற்கப்புறம் பல வருடம் அதில்தான் விழா மலர்களும் நோட்டீஸ்களும் போட்டோம் என்று சொன்னால் சிரிக்கிறார்கள்.

பெரிய செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். நம் கோரல் அண்ணன், எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிகோடு எழுத்து முறைக்கு மாறிவிட்டார்!

நம்ப மாட்டாய், தெரியும். "பாமினி ஃபாண்ட் இருக்கும்வரை எனக்குக் கவலை இல்லை" என்று மேஜையைத் தட்டிப் பேசியவராயிற்றே. நடந்தது இதுதான். அவருடைய பழைய வாடிக்கையாளர் ஒருவர், இத்தனை ஆண்டுகளில் இவர் போட்டுக்கொடுத்த மலர்களை எல்லாம் இணையத்தில் ஏற்ற வேண்டும் என்று கேட்டிருக்கிறார். இவரும் ஃபைலைத் திறந்து, எழுத்தை எடுத்து ஒட்டினால் ஒரு வரி தமிழ் வரவில்லை. ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக ஒரே குப்பை. நமக்கு இது புதிதில்லை. அந்தக் காலத்து ஃபாண்டுகளில் ஆங்கில எழுத்தின் இடத்தில்தானே தமிழ் உருவத்தை உட்கார வைத்திருந்தார்கள்? கண்ணுக்குத் தமிழ், கணினிக்கு ஆங்கிலம். தேடினாலும் கிடைக்காது, செல்போனிலும் தெரியாது. சரி, மாற்றியில் போட்டு யூனிகோடாக்கலாம் என்று பார்த்தால் அதில் இன்னொரு வேடிக்கை. நடுநடுவே வரும் உண்மையான ஆங்கிலச் சொற்களையும் அது தமிழ் என்று நினைத்து மாற்றிவிடுகிறது. மின்னஞ்சல் முகவரிகள் எல்லாம் படிக்கவே முடியாத தமிழாக வந்து நின்றனவாம். அண்ணன் ராத்திரியெல்லாம் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திருத்தியிருக்கிறார்.

இது போதாதென்று, அவர் வைத்திருந்த பழைய டைப் 1 ஃபாண்டுகள் சிலவும் கைவிட்டுவிட்டன. 2023 ஜனவரியோடு அடோபி நிறுவனம் அந்த வகைக்கு ஆதரவை நிறுத்திவிட்டதல்லவா, புதிய பதிப்பு போட்டதும் பட்டியலிலேயே அவற்றைக் காணோம். அன்றைக்கு முடிவெடுத்தார். இப்போது தமிழ் 99 விசைப்பலகை பழகுகிறார். இடக்கையில் உயிர், வலக்கையில் மெய். 'க'வை இரண்டு முறை தட்டினால் 'க்க' என்று தானே புள்ளி வைத்துக்கொள்கிறது என்பதைக் கண்டுபிடித்த நாளில், சின்னப் பையன்களை வரிசையாக நிறுத்திவைத்துக் காட்டினார். 1999இலிருந்து இருக்கும் சமாச்சாரம் அது. யாரும் வாய் திறக்கவில்லை.

ஆனால் மாறிய முதல் வாரமே எனக்குப் போன் வந்தது. "என்னப்பா உன் யூனிகோடு, கொம்பை எல்லாம் கொண்டுபோய்ப் பின்னால் வைக்கிறது?" போய்ப் பார்த்தேன். பக்கம் அமைக்கும் இன்டிசைன் மென்பொருளில் 'தொடக்கம்' என்று அடித்திருந்தார். 'த' முன்னால் நிற்கிறது, கொம்பும் காலும் சேர்ந்து அதற்குப் பின்னால் நிற்கின்றன. யூனிகோடில் மெய்தான் முதலில் பதிவாகும், ஒகரக் குறி அடுத்து வரும். கொம்பை முன்னால் கொண்டுபோய் வைப்பது எழுத்தைக் கோக்கும் எஞ்சினின் வேலை. அந்த எஞ்சின் அணைந்திருந்தால் கொம்பு இடம் தெரியாமல் நிற்கும். பாராகிராஃப் பேனலின் மூலையில் உள்ள மெனுவில் 'அடோபி வேர்ல்டு ரெடி பாராகிராஃப் கம்போஸர்' என்று ஒரு வரி இருக்கிறது, அதைத் தேர்ந்தெடுத்தேன். கண்ணெதிரே கொம்பு தாவி 'த'வுக்கு முன்னால் போய் உட்கார்ந்தது. அண்ணன் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீ. இவ்வளவுதானா என்று கேட்டுவிட்டு, அதை அப்படியே பாராகிராஃப் ஸ்டைலில் சேமிக்கச் சொன்னார். இந்த ஒரு வரி தெரியாமல், "யூனிகோடு பிரிண்டுக்கு ஆகாது" என்று எத்தனை பேர் பழைய ஃபாண்டிலேயே தங்கிவிட்டார்கள் தெரியுமா? எனக்கு அதுதான் ஆற்றாமை.

மென்பொருள் செய்திகள் உனக்கும் வந்து சேர்ந்திருக்கும், சுருக்கமாகச் சொல்கிறேன். 2022இல் ஃபிக்மாவை 2,000 கோடி டாலருக்கு வாங்கப் போவதாக அடோபி அறிவித்தது, ஐரோப்பிய, பிரிட்டிஷ் கட்டுப்பாட்டு அமைப்புகள் பிடித்த பிடியில் 2023 டிசம்பரில் கைவிட்டது. அஃபினிட்டி என்ற வடிவமைப்பு மென்பொருளை 2024இல் கேன்வா நிறுவனம் வாங்கிக்கொண்டு, 2025 அக்டோபரில் இலவசம் என்று அறிவித்தது. அன்றைக்குக் குழுவில் ஒரே கொண்டாட்டம். நான் ஒன்றுதான் சொன்னேன்: தாவுவதற்கு முன்னால் 'கொ', 'ஸ்ரீ' இரண்டையும் அதில் அடித்துப் பாருங்கள், அப்புறம் கொண்டாடலாம். எந்த மென்பொருள் வந்தாலும் இதுதான் என் முதல் சோதனை. நிறங்கள், எஃபெக்ட் எல்லாம் பிறகு. நிறம் என்றதும் நினைவுக்கு வருகிறது, 2022 நவம்பரில் அடோபி மென்பொருளில் பான்டோன் நிறுவனத்தின் நிறத் தொகுப்பு இல்லாமல் போன விவகாரத்தில் பழைய ஃபைல்களைத் திறந்தால் நிறமெல்லாம் கறுப்பாகி நின்றதே, அதிலிருந்து இங்கே எல்லோரும் ஃபைலோடு நிறத்தின் சிஎம்ஒய்கே அளவையும் (அச்சு மைகளின் அளவு) எழுதி வைக்கிறார்கள். நல்ல பழக்கம்.

ஏஐ பற்றிக் கேட்டிருந்தாய். பயப்படுகிறவர்களும் இருக்கிறார்கள், அதை வைத்தே பிழைக்கிறவர்களும் இருக்கிறார்கள். கிளையன்ட்டுகள் இப்போது படம் செய்துகொண்டே வருகிறார்கள். "எல்லாம் ரெடி, தலைப்பை மட்டும் சரி பண்ணிக் கொடுங்க" என்பார்கள். பார்த்தால், தூரத்திலிருந்து தமிழ் மாதிரி இருக்கும். கிட்டே போனால் 'ழ'வுக்கும் 'மு'வுக்கும் பிறந்தது போல ஒன்று, புள்ளி வைத்த 'ஆ' ஒன்று. தலைப்பை மட்டும் மாற்ற முடியாது, வெளிச்சமும் நிழலும் அந்தத் தப்பான எழுத்தின் மேலேயே விழுந்திருக்கும். ஆக, முழுப் படத்தையும் பிரித்துச் செய்ய வேண்டும். "சரி பண்ணுவது" புதிதாய்ச் செய்வதைவிடப் பெரிய வேலை என்று புரியவைப்பதற்குள் தொண்டை வறண்டுவிடுகிறது. இன்னும் கொஞ்ச காலத்தில் அது ஒழுங்காகவே எழுதக் கற்றுக்கொள்ளும் என்கிறார்கள் பிள்ளைகள். கற்றுக்கொள்ளட்டும். 'ழ' எது என்று பார்த்துச் சொல்ல அன்றைக்கும் ஓர் ஆள் வேண்டுமே.

இலவச மாதிரி வேலையைப் பற்றியும் பேசினோம். ஒரு நிறுவனம் "லோகோ அனுப்புங்கள், பிடித்தால் எடுத்துக்கொள்கிறோம்" என்று நம் ஆட்கள் பலரிடம் ஒரே நேரத்தில் கேட்டிருக்கிறது. இனி யாரும் காசில்லாமல் மாதிரி செய்வதில்லை என்று கைதூக்கித் தீர்மானம் போட்டார்கள். அடுத்த பெரிய கிளையன்ட் வரும்வரை அது நிற்கும் என்பது என் கணக்கு.

சரி, இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்ததே அடுத்த விஷயத்துக்காகத்தான்.

போன கூட்டத்துக்குப் பெயர்ப்பலகை எழுதும் பெரியவர் ஒருவரை அழைத்திருந்தோம். ஃப்ளெக்ஸ் வந்ததிலிருந்து அவருக்கு வேலை குறைவு. எங்களுக்காக ஒரு பலகையில் 'நூலகம்' என்று எழுதிக் காட்டினார். முதலில் சாக்பீஸ் தடவிய நூலை இழுத்துச் சுண்டி இரண்டு கோடு. நாம் அத்தோடு விட்டிருப்போம். அவர் கீழே இன்னொரு கோடு சுண்டினார், 'நூ' இறங்குவதற்கு. மேலே ஒன்று, புள்ளிக்கு. அளவுகோலே எடுக்கவில்லை. பலகையைச் சற்று நேரம் பார்த்தார், 'நூ'வுக்கு அகலமாக ஓர் இடம், 'ல'வுக்கும் 'க'வுக்கும் அதைவிடக் குறைவாக, 'ம்'முக்கு ஒன்று என்று விரலாலேயே குறித்தார். எழுத்தை எண்ணி இடத்தைச் சமமாகப் பங்கு போட்டால் பலகை ஒரு பக்கம் சாய்ந்த மாதிரி தெரியும் என்றார். தட்டைப் பிரஷ்ஷைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே மெல்ல உருட்டிக்கொண்டே 'ல'வின் வளைவைப் போட்டார். வளைவு முழுக்க ஒரே தடிமன், ஓரிடத்திலும் மெலியவில்லை. நம் ஆட்கள் ஃபாண்டை எழுபது சதவீதமாக நெருக்கி, செங்குத்துக் கோடெல்லாம் ஒல்லியாகவும் படுக்கைக் கோடெல்லாம் தடியாகவும் ஆக்கி வைப்பார்களே, அந்தக் கொடுமை எனக்கு அப்போதுதான் உறைத்தது. அதற்கென்று இப்போது அனெக் தமிழ் போன்ற வேரியபிள் ஃபாண்டுகள் வந்துவிட்டன, அகலத்தையும் தடிமனையும் ஃபாண்டுக்குள்ளேயே கூட்டிக் குறைக்கலாம், கோடு கெடாது. அதுவும் இலவசம். இருந்தும் நெருக்குகிறவர்கள் நெருக்கிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

பெரியவர் போன பிறகு, நம் கூட்டத்துப் பையன் ஒருவன் அவர் எழுத்தை ஃபாண்டாக்கப் போகிறேன் என்று கிளம்பினான். இரண்டு மூன்று நாள் வேலை என்று நினைத்திருக்கிறான். கொம்பும் காலும் எளிது, ஒரு முறை வரைந்தால் எல்லா எழுத்தோடும் சேர்த்துக்கொள்ளலாம். உகரமும் ஊகாரமும் அப்படியில்லையே, பதினெட்டு மெய்க்கும் தனித்தனியாக வரைந்தாக வேண்டும். அதிலேயே 36 உருவம். போதாததற்கு 'டி', 'டீ'. புள்ளி வைக்கும் இடமும் எழுத்துக்கு எழுத்து நகர்கிறது. பெரியவரின் 'ம்'மில் புள்ளி நட்டநடுவில் இல்லை, கொஞ்சம் தள்ளி இருக்கிறது. பையன் அதைத் தவறு என்று நினைத்து நடுவுக்குக் கொண்டுவந்தான், உடனே எழுத்து செத்துப்போனது. மறுபடி பழைய இடத்திலேயே வைத்துவிட்டு என்னிடம் வந்து, "அவர் வேண்டுமென்றேதான் செய்திருக்கிறார் சார்" என்றான். எனக்கு அவனைப் பிடித்துப்போனது அப்போதுதான்.

அவர் பழைய பலகைகளில் 'லை', 'னை' எல்லாம் தும்பிக்கை தூக்கிய பழைய உருவத்திலேயே இருக்கின்றன. 1978இல் அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்பதற்கு முன்பு தொழில் கற்றவர், கை அப்படியே பழகிவிட்டது. ஃபாண்டில் அவற்றையும் மாற்று உருவமாகச் சேர்க்கலாமா என்று ஒரு விவாதம் ஓடியது. சேர்க்கலாம், ஆனால் தானாக வரக் கூடாது, வேண்டுகிறவன் தேடி எடுத்துக்கொள்ளட்டும் என்பது என் கட்சி. இன்றைக்குப் படிக்கும் பிள்ளைக்கு அந்த உருவம் தெரியாது.

பெரிய சண்டை உரிமம் பற்றியது. பையனுக்கு ஃபாண்டைத் திறந்த உரிமத்தில் வெளியிட ஆசை. கேட்டமரன், முக்த மலர், பலூ தம்பி போன்ற தமிழ் ஃபாண்ட் எல்லாம் எஸ்ஐஎல் ஓப்பன் ஃபாண்ட் உரிமத்தில் வந்ததால்தானே எல்லோருக்கும் போய்ச் சேர்ந்தது என்கிறான். உண்மைதான். அந்த உரிமத்தில் யாரும் பயன்படுத்தலாம், மாற்றலாம், பகிரலாம், ஃபாண்டை மட்டும் தனியாக விற்கக் கூடாது. உரிமையாளர் பெயர் கூடவே போகும். ஆனால் கோரல் அண்ணன் விடவில்லை. "பெயர் போகும், சரி. பெரியவருக்கு என்ன போகும்?" என்றார். அறையில் சத்தமே இல்லை. ஃபாண்ட் சிடிகள் கைமாறிக்கொண்டிருந்த நாட்களில், அதை வரைந்தவர் யார் என்று நம்மில் யாராவது கேட்டதுண்டா? இப்போது இவர் கேட்கிறார், அதுவும் இவர்!

என் யோசனை இது. முதலில் பெரியவரிடமே கேட்க வேண்டும், அதை இதுவரை யாரும் செய்யவில்லை. அடுத்து, தலைப்புக்கான ஒரு தடிமனை மட்டும் விலைக்கு வைத்து, வருவதில் சரிபாதி அவருக்கு என்று எழுத்தில் ஒப்பந்தம் போடலாம். சில வருடம் கழித்து அவர் சம்மதித்தால் திறந்துவிடலாம். காத்திருந்தால் யாரும் பயன்படுத்த மாட்டார்கள் என்கிறான் பையன். நல்ல எழுத்து என்றால் வாங்குவார்கள் என்கிறேன் நான். நம் மக்கள் ஃபாண்டுக்குக் காசு கொடுப்பார்களா என்று அவன் திருப்பிக் கேட்கும்போது எனக்குப் பதில் வரவில்லை.

நீ வெளியே போய் நின்று பார்க்கிறவன், உனக்கு வேறு ஏதாவது தோன்றலாம். அடுத்த கூட்டத்தில் பெரியவரும் வருகிறார், அன்றைக்கு இதைப் பேசி முடிக்கப் போகிறோம். அதற்கு முன் உன் பதில் வந்தால் வாசித்துக் காட்டுகிறேன். நேரிலேயே வர முடிந்தால் இன்னும் நல்லது. வருவதாயிருந்தால், நீ சேர்த்துவைத்திருந்த பழைய தலைப்பெழுத்து ட்ரேசிங் தாள்களை மறக்காமல் எடுத்து வா, பையன் 'ஞு' எப்படி வரைவது என்று தெரியாமல் நிற்கிறான்.

அன்புடன்,
உன் பழைய பக்கத்து மேஜைக்காரன்