இரவல் பெயர்

அன்புள்ள உங்கள் எல்லோருக்கும்,

எங்கள் வம்சாவளியை ஐந்து தலைமுறை வரை எழுதியாகிவிட்டது. சொந்தக்காரர்கள் என்னைப் பாராட்டுகிறார்கள். அந்தப் பாராட்டு யாருக்குப் போய்ச் சேர வேண்டும் என்று எனக்குத் தெரியும்.

முதலில், ஆவணக் காப்பக வாசிப்பறையில் வேலை பார்த்த அம்மாவுக்கு. கொள்ளுத்தாத்தாவின் பிறப்புப் பதிவு கிடைத்துவிட்டது என்று துள்ளிக்கொண்டு வந்து காட்டினேன். நீங்கள் நிதானமாகப் பார்த்துவிட்டு, “சரி, இதே பெயரை இறப்புப் பதிவேட்டிலும் அடுத்த ஐந்து வருடத்துக்குத் தேடிப் பாருங்கள்” என்றீர்கள். எனக்குக் கொஞ்சம் எரிச்சல்கூட வந்தது. பதினாலு மாதம் தள்ளி அதே பெயர், அதே தகப்பன், அதே தெரு. காரணம் என்ற இடத்தில் ‘காய்ச்சல்’ என்று ஒரே சொல். நான் கொள்ளுத்தாத்தா என்று நினைத்தது அவருடைய அண்ணனை. இறந்துபோன குழந்தையின் பெயரையே அடுத்த பிள்ளைக்கு வைப்பது அந்தக் காலத்தில் பல நாடுகளில் உண்டு என்று நீங்கள் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். அன்று அந்தப் பக்கத்தை மூட எனக்கு மனசு வரவில்லை. அறை பூட்டும் நேரம் வரை பதிவேட்டை என் மேஜையிலேயே விட்டுவைத்தீர்கள். அதை மறக்க மாட்டேன் அம்மா.

பழைய கையெழுத்தைப் படிக்கச் சொல்லிக்கொடுத்த ஐயாவுக்கு. புரியாத சொல்லையே உற்றுப் பார்த்துக்கொண்டிருக்காமல், அதே எழுத்தர் தெளிவாக எழுதிய சொற்களிலிருந்து அவருடைய ‘க’, ‘ச’, ‘த’ எல்லாவற்றையும் ஒரு தாளில் வரிசையாக எழுதிக்கொள்ளச் சொன்னீர்கள். அந்தத் தாள் இன்னும் என் பைக்குள் இருக்கிறது. வயதுகள் 40, 45, 50 என்றே வருவதையும் காட்டினீர்கள். இறப்புப் பதிவில் வயதைக் குத்துமதிப்பாகச் சொல்வது இன்னொருவர், அதை வைத்துப் பிறந்த வருடத்தைக் கணக்குப் போடக் கூடாது என்றீர்கள். நான் இரண்டு வருடம் அந்தத் தப்பைத்தான் செய்துகொண்டிருந்தேன்.

அப்புறம், முகம் தெரியாதவர்களுக்கு. 1938 முதல் பல நாட்டுப் பதிவேடுகளை மைக்ரோஃபிலிம், அதாவது பக்கங்களைச் சிறிதாக்கிப் பதியும் படச்சுருள், எடுத்து, சுமார் 24 லட்சம் சுருள்களை 2021-இல் ஸ்கேன் செய்து முடித்த ஃபேமிலிசர்ச் அமைப்புக்கும், பெயர்களை அட்டவணைப்படுத்தும் தன்னார்வலர்களுக்கும். 1922-இல் டப்ளினில் பொது ஆவண அலுவலகம் எரிந்தபோது அயர்லாந்தின் 1821 முதல் 1851 வரையான மக்கள்தொகைக் கணக்கேடுகளில் பெரும்பகுதி போய்விட்டது. பிரதி எடுத்து வைக்காவிட்டால் அவ்வளவுதான். கொள்ளுத்தாத்தாவின் உண்மையான பிறப்புப் பதிவு மூலத்தில் செல்லரித்துக் கிடந்தது. படச்சுருளில் அந்த வரி முழுசாக இருந்தது.

கடைசியாக அத்தைக்கு. அந்தக் குழந்தையைப் பற்றிச் சொன்னதும் நீங்கள் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. “எனக்கு இரவல் பேருன்னு தாத்தா அடிக்கடி சொல்லுவாருப்பா. ஏன்னு நாங்க கேட்டதே இல்லை” என்றீர்கள். அப்புறம் வம்சாவளித் தாளை வாங்கி, கொள்ளுத்தாத்தாவின் பெயருக்கு முன்னால் அதே பெயரை இன்னொரு தடவை உங்கள் கையாலேயே எழுதினீர்கள்.