ரெஜிஸ்டர் நம்பர் இல்லாமல் எங்களைக் கேளுங்கள்

மதிப்பிற்குரிய துணைவேந்தர் அவர்களுக்கும், மாணவர் நலப் பிரிவின் முதன்மையர் அவர்களுக்கும், தர உறுதிப் பிரிவில் இருக்கும் பேராசிரியர்களுக்கும்,

வணக்கம். அடுத்த மாதம் மாணவர் நலன் மற்றும் கருத்தறியும் நாள் நடத்தப்போவதாகச் சுற்றறிக்கை வந்திருக்கிறது. விடுதி அறிவிப்புப் பலகையில் மெஸ் பில் பாக்கிப் பட்டியலுக்குப் பக்கத்தில் ஒட்டியிருந்தார்கள். நின்று இரண்டு தடவை படித்தேன். நடத்துங்கள் என்றுதான் சொல்ல வருகிறேன், ஆனால் போன வருடம் நடத்திய மாதிரி நடத்தாதீர்கள். அன்றைக்கு என்ன நடந்தது என்பது உங்கள் மேசைக்கு வந்த அறிக்கையில் இருந்திருக்காது, அதனால் முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். பல்கலைக்கழகத்தின் பெயரையும் துறையின் பெயரையும் எழுதவில்லை. இதில் வரும் ஒரு பெண்ணை யாரும் அடையாளம் கண்டுவிடக் கூடாது.

மதியச் சாப்பாடு முடிந்ததும் எங்கள் வகுப்பைக் கம்ப்யூட்டர் லேபுக்கு அழைத்துப் போனார்கள். கூகுள் ஃபார்ம். முதல் கட்டமே ரெஜிஸ்டர் நம்பர், சிவப்பு நட்சத்திரக் குறியோடு, அதை நிரப்பாவிட்டால் அடுத்த பக்கம் போகாது. அப்புறம் ஆசிரியர்களைப் பற்றி, நூலகத்தைப் பற்றி, மெஸ்ஸைப் பற்றி, குளியலறையில் தண்ணீர் வருகிறதா என்பதைப் பற்றி நாற்பது கேள்விகள். அதே மூச்சில், கடந்த 2 வாரங்களில் தூக்கம் எப்படி, எதிலும் நாட்டம் இல்லாமல் இருந்ததா, செத்துப்போனால் தேவலை என்று தோன்றியதா. கிளாஸ் அட்வைசர் வரிசைகளுக்கு நடுவே நடந்துகொண்டே இருந்தார். அவரைக் குறை சொல்லவில்லை, மூன்று மணிக்குள் எல்லோரும் முடித்தாக வேண்டும் என்று அவருக்கு மேலிருந்து உத்தரவு. என் பக்கத்தில் இருந்த பெண் ‘ஒருபோதும் இல்லை’ என்ற வரிசையில் மேலிருந்து கீழே கிளிக் செய்துகொண்டே போனாள். நானும் அதைத்தான் செய்தேன். அந்த மாதம் நான் ஒரு ராத்திரிகூட நாலு மணி நேரத்துக்கு மேல் தூங்கியதில்லை.

என் ரூம்மேட் மட்டும் உண்மையை எழுதினாள். மூன்றாம் நாள் துறைத் தலைவர் அறைக்குக் கூப்பிட்டார்கள். அங்கே வேறு இரண்டு ஆசிரியர்களும் இருந்தார்கள். எல்லோர் முன்னாலும் ‘என்னம்மா பிரச்சனை, வீட்டிலா வெளியிலா’ என்று கேட்டார்கள். அவள் வாய் திறக்கவில்லை. சாயங்காலமே அவள் அப்பாவுக்குப் போன் போய்விட்டது. அவர் மறுநாள் வேலையைப் போட்டுவிட்டு ஐந்து மணி நேரம் பஸ்ஸில் வந்து வார்டன் அறை வாசலில் நின்றதை நான் பார்த்தேன். கையில் ஒரு மஞ்சள் பை, அதற்குள் எங்கள் எல்லோருக்குமாக முறுக்கு. மகளுக்கு என்ன ஆயிற்று என்று யாரிடம் கேட்பது என்றுகூட அவருக்குத் தெரியவில்லை, என்னைப் பார்த்து ‘பாப்பா நல்லாத்தானே இருக்கு?’ என்றார். அவள் அவரோடு ஊருக்குப் போய் மூன்று வாரம் கழித்து வந்தாள், அட்டெண்டன்ஸ் குறைந்து கண்டொனேஷன் ஃபீஸ் கட்டித்தான் தேர்வு எழுதினாள். இன்று நன்றாக இருக்கிறாள். அதற்குக் காரணம் அவளே விசாரித்துப் போன அரசு மருத்துவமனை மனநலப் பிரிவு. அந்தப் படிவத்துக்கு அதில் எந்தப் பங்கும் இல்லை. எங்கள் மாடியில் இருக்கிற யாரும் அதற்குப் பிறகு எந்தப் படிவத்திலும் மனதில் இருப்பதை எழுதுவதில்லை.

அந்தத் தூக்கம், நாட்டம் பற்றிய கேள்விகள் எங்கிருந்து வந்தன என்று பிறகு தேடிப் படித்தேன். மனச்சோர்வைக் கணிக்கும் பிஎச்க்யூ-9 என்ற ஒன்பது கேள்விப் பட்டியல் அது. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண், மொத்தம் 27. 2001இல் வெளியாகி உலகம் முழுக்க மருத்துவர்கள் பயன்படுத்துவது. நல்ல கருவி. ஆனால் அது மருத்துவர் எதிரில் உட்கார்ந்திருக்கும் இடத்துக்கானது, மதிப்பெண் கூடினால் அவரே அடுத்த கேள்வியைக் கேட்பார், அடுத்த வாரம் வரச் சொல்வார். அதிலும் ஒன்பதாவது கேள்வி, அந்தச் செத்துப்போவது பற்றியது, அதற்கு ஒருவர் ‘ஆம்’ என்றால் அன்றைக்கே யாராவது அவரோடு உட்கார்ந்து பேசியாக வேண்டும். லேபில் ஒரு வகுப்பையே வரிசையாக உட்கார வைத்துக் கேட்டால் என்ன ஆகும்? பெயரோடு கேட்டால் நாங்கள் பொய் சொல்வோம். பெயர் இல்லாமல் கேட்டால், ‘ஆம்’ என்று சொன்னவரை உங்களால் தேடிப் போக முடியாது, அவர் தன் பாட்டுக்கு எழுந்து அறைக்குப் போய்விடுவார். இரண்டுமே சரியில்லை.

அதனால் என் முதல் கோரிக்கை, இரண்டையும் பிரித்துவிடுங்கள். எல்லோருக்கும் பொதுவான படிவத்தில் பெயர் வேண்டாம், ஒன்பதாவது கேள்வியும் வேண்டாம். உலக சுகாதார நிறுவனத்தின் ஐந்து கேள்விப் பட்டியல் ஒன்று இருக்கிறது, டபிள்யூஎச்ஓ-5. மனம் உற்சாகமாக இருந்ததா, அமைதியாக இருந்ததா, காலையில் எழுந்தபோது புத்துணர்வு இருந்ததா என்று நல்லதைப் பற்றித்தான் கேட்கும். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 5, கூட்டி 4ஆல் பெருக்கினால் 100க்கு இவ்வளவு என்று வந்துவிடும். எந்த விடுதியில், எந்த ஆண்டில் மாணவர்கள் வாடியிருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள அது போதும். தனி ஒருவருக்கு உதவி வேண்டுமானால் அவரே நடந்து வர ஒரு அறை வேண்டும், கதவு மூடுகிற அறை, உள்ளே ஆலோசகர் ஒருவர். அந்த அறை அரங்கத்தின் நட்டநடுவில் எல்லோர் கண்ணிலும் படுகிற மாதிரி இருக்கக் கூடாது. ரத்த அழுத்தம் பார்க்கும் மேசையும் கண் பரிசோதனையும் இருக்கிற வரிசையிலேயே அதுவும் ஒரு கதவாக இருக்கட்டும், அப்போதுதான் உள்ளே போகிறவளை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

பெயர் கேட்கவில்லை என்பது மட்டும் போதாது. எங்கள் வகுப்பில் பதினான்கு பேர், அதில் ஆண்கள் மூன்று பேர், விடுதியில் இருப்பவர் அதில் ஒருவர். துறை, ஆண்டு, பாலினம், விடுதியா வீடா என்று நான்கு கேள்வி கேட்டாலே அவர் யாரென்று எங்கள் துறையில் எல்லோருக்கும் தெரிந்துவிடும். தனித்தனித் துறையாகப் பிரிக்காமல், பல துறைகள் சேர்ந்த புலம் வாரியாகக் கேளுங்கள். பத்துப் பேருக்குக் குறைவான எந்தக் குழுவின் பதிலையும் தனியாக எடுத்துக் காட்டாதீர்கள். கூகுள் ஃபார்மில் ஒருவர் ஒருமுறைதான் நிரப்பலாம் என்று வைத்தால் லாகின் கேட்கும்; இமெயில் சேகரிக்கும் அமைப்பை அணைத்து வைத்திருந்தால் முகவரி உங்களுக்கு வராது என்பது எனக்குத் தெரியும், முதலாம் ஆண்டு மாணவிக்குத் தெரியாது. பல்கலைக்கழக மெயிலில் நுழைந்த நொடியே அவள் கை நின்றுவிடும். அன்று ஒரு நாளைக்காவது காகிதப் படிவமும் பூட்டிய பெட்டியும் வையுங்கள்.

தமிழிலும் வையுங்கள். தமிழ்வழியில் படித்து வந்தவர்கள் எங்களில் பாதிப் பேர். ‘மனச்சோர்வு’ என்று பாடப்புத்தகத் தமிழில் எழுதினாலும் அது தனக்கில்லை என்றுதான் நினைப்பார்கள். விடுதியில் நாங்கள் அப்படிச் சொல்வதில்லை. ‘எதுலயும் பிடிப்பே இல்லடி’, ‘தலை பாரமாவே இருக்கு’, ‘சாப்பாடு இறங்கல’ என்றுதான் சொல்வோம். கேள்வியைக் கடைசி வடிவம் ஆக்கும் முன் மூன்று விடுதிகளிலிருந்தும் நாலைந்து பேரைக் கூப்பிட்டு வாசித்துக் காட்டுங்கள், எது புரிகிறது எது புரியவில்லை என்று அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும்.

ஆசிரியர்களைப் பற்றிய கருத்துக்கு வருகிறேன். கல்லூரிகளையும் பல்கலைக்கழகங்களையும் மதிப்பிடும் தேசிய அமைப்பான நாக்கின் தரச்சான்றுக்காக இதெல்லாம் வேண்டும் என்பது புரிகிறது. நாக் நடத்தும் மாணவர் திருப்திக் கணக்கெடுப்பில் 21 கேள்விகள், கடைசிக் கேள்வி மட்டும் சொந்த வார்த்தையில் எழுதுவது. எனக்கு அந்த ஒரு கேள்விதான் பிடித்தது, ஏனென்றால் அதில்தான் ‘பரிசோதனைக் கூடத்தில் எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடவில்லை’ என்று எழுத முடியும். ஆனால் இங்கே ஃபீட்பேக் நிரப்பினால்தான் ஹால் டிக்கெட் இறங்குகிறது. ஆசிரியரே போடும் இன்டர்னல் மதிப்பெண் போர்ட்டலில் ஏறுவதற்கு முன் அது கேட்கப்படுகிறது. 25 மதிப்பெண் ஒருவர் கையில் இருக்கும்போது அவரைப் பற்றி யார் மனம்விட்டு எழுதுவார்கள்? எல்லாவற்றுக்கும் ‘மிக நன்று’ என்று போட்டுவிட்டு ஹால் டிக்கெட்டை எடுக்கிறோம். இன்டர்னல் வெளியான பிறகு கேளுங்கள், ஹால் டிக்கெட்டோடு முடிச்சுப் போடாதீர்கள். குறைவான பேர்தான் நிரப்புவார்கள், ஆனால் நிரப்புகிறவர்கள் உண்மையை எழுதுவார்கள்.

அப்புறம், ஆள். 2025 ஜூலை 25 அன்று உச்ச நீதிமன்றம் கொடுத்த வழிகாட்டுதல்களில் 100 அல்லது அதற்கு மேல் மாணவர்கள் இருக்கும் கல்வி நிறுவனம் ஒவ்வொன்றிலும் தகுதிபெற்ற ஆலோசகரோ உளவியலாளரோ சமூகப் பணியாளரோ ஒருவராவது இருக்க வேண்டும் என்று இருக்கிறது. நாம் ஆயிரக்கணக்கில் இருக்கிறோம். நம்முடைய ஆலோசனை மையம் வாரத்தில் செவ்வாயும் வியாழனும் மட்டும் திறந்திருக்கிறது, அதுவும் வகுப்பு நேரத்தில். 2022இல் மட்டும் இந்தியாவில் 13,044 மாணவர்கள் தற்கொலையில் இறந்ததாகத் தேசியக் குற்றப் பதிவகம் சொல்கிறது. அந்த எண்ணைப் படித்த அன்று எனக்கு எங்கள் விடுதியின் மூன்று மாடிகளும், இரவு பதினோரு மணிக்கு விளக்கு எரியும் அறைகளும்தான் கண்ணுக்கு வந்தன. கருத்தறியும் நாளுக்கு ஒதுக்கும் பணத்தில் பேனருக்கும் டீஷர்ட்டுக்கும் போவதைக் குறைத்து, மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவக் குழுவை அன்றும் அதற்கடுத்த இரண்டு வாரங்களும் வரவழைக்கக் கேட்டுப் பாருங்கள். கேள்வி கேட்ட பிறகு வரும் இரண்டு வாரங்கள்தான் முக்கியம், மூடி வைத்திருந்தது எல்லாம் அப்போதுதான் கிளம்பி வரும். 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணை, டெலி-மானஸ் என்பார்கள், அதை எல்லாக் குளியலறைக் கதவுகளின் உட்புறத்திலும் ஒட்டுங்கள். நாள் முழுக்க எடுக்கிறார்கள், தமிழிலும் பேசலாம். அறிவிப்புப் பலகை முன்னால் நின்று அந்த எண்ணைக் குறித்துக்கொள்ள யாருக்கும் தைரியம் வராது.

யாராவது மனம்விட்டுப் பேசினால் அந்தத் தகவல் எங்கே போகிறது என்பதையும் எழுத்தில் சொல்லுங்கள். 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவு, சிகிச்சை பெறுபவரின் தகவலை இரகசியமாக வைக்க வேண்டும் என்கிறது, உயிருக்கு ஆபத்து போன்ற சில விலக்குகளோடு. ஆலோசகரிடம் சொன்னது ஆலோசகரிடம் இருக்க வேண்டும். துறைத் தலைவருக்கோ வார்டனுக்கோ பெயர்ப் பட்டியல் போகக் கூடாது. வீட்டுக்குச் சொல்லியே ஆக வேண்டிய நிலை வந்தால், அந்த மாணவியை உட்கார வைத்து, யாரிடம் சொல்லலாம், அம்மாவிடமா அக்காவிடமா என்று கேட்டு, அவள் பக்கத்தில் இருக்கும்போதே பேசுங்கள்.

கடைசியாக ஒன்று. போன வருடம் நாங்கள் எழுதியது என்ன ஆயிற்று? மெஸ் தண்ணீர்த் தொட்டியைப் பற்றி நானே எழுதினேன், இன்றுவரை பதில் இல்லை. இந்தத் தடவை முடிவு வந்த ஒரு மாதத்துக்குள் ஒரே ஒரு தாள் போதும்: நீங்கள் சொன்னவை இவை, இவற்றைச் சரிசெய்துவிட்டோம், இதற்கு இன்னும் நிதி வரவில்லை, இதைச் செய்ய முடியாது, காரணம் இது. முடியாது என்பதையும் எழுதுங்கள், நாங்கள் கோபப்பட மாட்டோம்.

எங்கள் விடுதியிலிருந்து பதினோரு பேர் அன்று முழுக்க வேலை செய்யத் தயாராக இருக்கிறோம், பெட்டிகளைக் காவல் காக்க, படிவத்தைப் படிக்கச் சிரமப்படுபவர்களுக்கு வாசித்துக் காட்ட, டீ கொடுக்க. வகுப்புக்கு வந்ததாகக் கணக்கு வைக்கும் ஓ.டி. வேண்டாம், சான்றிதழ் வேண்டாம். ரெஜிஸ்டர் நம்பர் கேட்கப்படாது என்ற ஒரு வரியை மட்டும் அந்தச் சுற்றறிக்கையிலேயே சேர்த்து, கையெழுத்தோடு மறுபடியும் ஒட்டுங்கள். என் ரூம்மேட் தினமும் அந்தப் பலகையைத் தாண்டித்தான் மெஸ்ஸுக்குப் போகிறாள்.

இப்படிக்கு,
முதுநிலை இரண்டாம் ஆண்டு மாணவி,
பெண்கள் விடுதி