ஃபிரெஸ்ஸன் விலங்குக்கென்று பிறந்த சொல் அல்ல

ஆசிரியருக்கு வணக்கம்.

ஐரோப்பிய மொழிகள் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையில், ஜெர்மன் மொழியில் மனிதர் சாப்பிட்டால் 'எஸ்ஸன்', விலங்கு தின்றால் 'ஃபிரெஸ்ஸன்' என்று இருந்தது. இன்றைய ஜெர்மனுக்கு அது சரிதான், ஒருவர் சாப்பிடுவதை ஃபிரெஸ்ஸன் என்று சொன்னால் அவருக்குக் கோபம்தான் வரும். ஆனால் ஜெர்மன், ஆங்கிலம், டச்சு, ஸ்வீடிஷ் முதலியவை சேர்ந்த ஜெர்மானிய மொழிக் குடும்பத்தில் ஆதியிலிருந்தே இந்தப் பிரிவு இருந்தது என்று கட்டுரையாளர் அடுத்த வரியிலேயே சொல்லிவிட்டார். அது தவறு, அதை அப்படியே விட எனக்கு மனசில்லை.

இரண்டும் ஒரே வேரில் வந்தவை. ஆங்கிலத்தின் ஈட், டச்சின் ஏட்டன், ஸ்வீடிஷின் ஏட்டா, ஜெர்மனின் எஸ்ஸன் எல்லாம் ஒரு குடும்பம். லத்தீனிலும் சமஸ்கிருதத்திலும் 'd' ஒலி இருக்கிற இடத்தில் ஜெர்மானிய மொழிகளில் 't' ஒலி வரும், அந்த 't' பிறகு ஜெர்மனில் மட்டும் 'ஸ்ஸ' ஆனது. சமஸ்கிருதத்தில் உண்பதைக் குறிக்கும் 'அத்' என்ற வேரும் இதே குடும்பம்தான், அதிலிருந்து வந்த அன்னம் என்ற சொல் நம் வீடுகளிலும் புழங்குகிறது. சரி, ஃபிரெஸ்ஸன் எப்படி வந்தது? அதே வினைக்கு முன்னால் 'ஃப்ர' என்ற முன்னொட்டைச் சேர்த்ததில் வந்தது. முழுக்கத் தீர்த்துவிடுவது, இல்லாமல் ஆக்கிவிடுவது என்பது அந்த முன்னொட்டு தரும் பொருள். ஆக, மிச்சம் வைக்காமல் தின்று தீர்ப்பதுதான் ஃபிரெஸ்ஸன், தின்றது யார் என்ற கேள்வியே அந்தச் சொல்லுக்குள் இல்லை.

இதற்குச் சான்று கோத்திக் என்ற, வழக்கொழிந்துபோன பழைய ஜெர்மானிய மொழியில் இருக்கிறது. 4ஆம் நூற்றாண்டில் உல்ஃபிலா என்ற கிறிஸ்தவ ஆயர் (பிஷப்) கிரேக்கத்திலிருந்து கோத்திக்கில் பைபிளை மொழிபெயர்த்தார். ஊதாநிறத் தோலில் வெள்ளி மையால் எழுதிய அதன் 6ஆம் நூற்றாண்டுப் பிரதி ஒன்று ஸ்வீடனில் உப்சாலா பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கிறது. அதில் லூக்கா 15ஆம் அதிகாரத்தை, அதாவது ஊதாரி மகன் கதையை, எடுத்துப் பாருங்கள். பசியில் தவிக்கும் மகன் பன்றிகளின் தீவனத்தையாவது வயிறார உண்ண ஆசைப்படும் இடத்தில் வரும் வினை 'இட்டன்', நம்முடைய எஸ்ஸனின் உடன்பிறப்பு. அதே வசனத்தில் பன்றிகள் தின்பதற்கு வரும் வினை 'மட்யன்', இது வேறு வேர். அப்புறம் மகன் திரும்பி வந்ததும் கன்றை அடித்து விருந்து சாப்பிடுவோம் என்று அப்பா சொல்கிறாரே, அங்கேயும் இதே மட்யன்தான்! பன்றிக்கும் விருந்தாளிக்கும் ஒரே வினை. ஃபிரெஸ்ஸனின் மூத்த வடிவம் அந்த அதிகாரத்தில் எங்கே வருகிறது தெரியுமா? மூத்த மகன் அப்பாவிடம் கோபமாக, உங்கள் சொத்தையெல்லாம் தின்று தீர்த்த இவனுக்கா விருந்து என்று கேட்கும் இடத்தில். கிரேக்க மூலத்திலும் அங்கே தின்று தீர்த்தல் என்ற பொருளில் முன்னொட்டுச் சேர்ந்த வினைதான் இருக்கிறது, உல்ஃபிலா அதற்கு நேராகத் தன் மொழியில் இதை வைத்திருக்கிறார்.

அதற்கு ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேல் கழித்து பைபிளை ஜெர்மனில் மொழிபெயர்த்த மார்ட்டின் லூத்தரைப் பாருங்கள். 1545ஆம் ஆண்டுப் பதிப்பில் அதே வசனத்தில் பன்றிகளுக்கு அவர் போட்டது எஸ்ஸனின் இறந்தகாலம். பிற்காலத்தில் திருத்திய பதிப்புகளில்தான் அங்கே ஃபிரெஸ்ஸன் நுழைந்தது. இதைவிடத் தெளிவான சான்று வேண்டுமா? ஃபிரெஸ்ஸனின் அதே மூத்த வினை ஆங்கிலத்தில் 'ஃப்ரெட்' ஆகி, முதலில் தின்று தீர்ப்பதையும் பிறகு அரிப்பதையும் குறித்து, இன்றைக்குக் கவலையில் புழுங்குவதைக் குறிக்கிறது. ஸ்வீடிஷில் அமிலம் உலோகத்தை அரிப்பதற்கு இந்த வினைதான்.

வடக்கே போனால் கதை இன்னும் சுவையானது. அங்கே முன்னொட்டு எதுவும் சேராத பழைய வினையே கீழே இறங்கிவிட்டது. டேனிஷில் அதை விலங்குக்கும் அள்ளி விழுங்குபவருக்கும்தான் சொல்வார்கள், மரியாதையாகச் சாப்பிடுவதற்கு 'ஸ்பீஸெ' வந்துவிட்டது. அது செலவைக் குறிக்கும் லத்தீன் சொல்லில் தொடங்கி, வடக்கு ஜெர்மனி வழியாக அங்கே போய்ச் சேர்ந்தது. ஐஸ்லாந்திலோ மேசையைக் குறிக்கும் சொல்லையே வினையாக்கி 'போர்தா' என்கிறார்கள், பழைய வினை அங்கேயும் பெரும்பாலும் விலங்கோடு நின்றுவிட்டது. பக்கத்திலேயே ஸ்வீடனில் அதே வினை ஒரு குறையும் இல்லாமல் எல்லோருக்கும் பொதுவாக இருக்கிறது. பிரிவு ஆதியிலேயே இருந்திருந்தால் ஊருக்கு ஊர் இப்படி மாறியிருக்குமா?

இன்னொன்றையும் கட்டுரை தொடாமல் விட்டது எனக்கு வருத்தம். ஜெர்மனில் 'சாப்பிட்ட' என்பதற்கு 'கெகெஸ்ஸன்' என்பார்கள், அதில் 'கெ' இரண்டு முறை வருகிறது. பழைய வடிவம் வெறும் 'கெஸ்ஸன்', லூத்தரும் அப்படித்தான் எழுதினார். உயிரெழுத்தில் தொடங்கும் வினையோடு 'கெ' என்ற முன்னொட்டு ஒட்டி உருகிப்போனதால், அது உள்ளே இருப்பதே பேசுபவர்களுக்குத் தெரியாமல் போய், இன்னொரு 'கெ'யை முன்னால் வைத்துவிட்டார்கள். டச்சிலும் இதேதான் நடந்தது. இதே வேரின் பிறவினை, அதாவது தின்னவைப்பது என்ற பொருளில் வந்த வினை, அமிலத்தால் செப்புத் தகட்டை அரிக்கச் செய்யும் வேலைக்குப் பெயராகி, டச்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போய் எட்சிங் ஆனது. ஓவியம் படிக்கிற பிள்ளைகளுக்கு இதைச் சொன்னால் எவ்வளவு சந்தோஷப்படுவார்கள்!

இப்படிப்பட்ட கட்டுரைகள் தொடர்ந்து வரவேண்டும், அதில் எனக்கு இரண்டாம் கருத்தே இல்லை. 'ஆதியிலிருந்தே' என்ற அந்த ஒரு வரிக்கு மட்டும் அடுத்த இதழில் ஒரு திருத்தம் போடுங்கள்.

அன்புடன்,
தங்கள் வாசகர்