பெற்றோருக்கு: தவணை இறுதி மடல்

அன்பார்ந்த பெற்றோரே, வணக்கம்.

தவணை நல்லபடியாக நிறைவுற்றது. தேர்வுகள் முடிந்தன, பேச்சுப் போட்டியில் பரிசுகள் வந்தன, விளையாட்டிலும் குறையில்லை. ஆசிரியர்களுக்கு நன்றி.

இனி நம் விருந்து பற்றிய பேச்சுக்கு வருகிறேன். இத்தாலியின் பலெர்மோவில் வளரும் நம் பிள்ளைகள் இந்நாட்டு வரலாற்றை அடுப்படி வழியாகவும் அறியட்டும் என்றுதான் மூத்த வகுப்புகளுக்குப் பழைய இத்தாலிய விருந்தைச் சமைக்கும் பணியைக் கொடுத்தோம். சமைத்ததோ பெரும்பாலும் நீங்கள்தான். திருத்தந்தை ஐந்தாம் பயஸின் சமையற்காரர் ஸ்காப்பி 1570இல் வெளியிட்ட நூலின்படி மக்கரோனிக்கு மேல் சீஸ், சீனி, கறுவாத்தூள் தூவ வேண்டும். மேசைக்கு வந்ததோ தக்காளிச் சாற்றில் மிதந்தது. ஒரு சட்டியில் மிளகாய்த்தூளும் இருந்தது. தக்காளிச் சாறு இத்தாலியச் சமையல் நூலுக்குள் நுழைந்ததே 1690களில்தான். காய்ந்த சிசிலிய மக்கரோனியை இரண்டு மணி நேரம் வேகவிடச் சொல்கிறார் பதினைந்தாம் நூற்றாண்டுச் சமையற்காரர் மார்த்தினோ. "பிழையாக எழுதியிருக்கிறார்கள்" என்று ஓர் அம்மா பத்து நிமிடத்தில் இறக்கிவிட்டாராம். சுவையாகத்தான் இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் எப்படிச் செய்தாய் என்று கேட்டால் மகள் அம்மாவின் முகத்தைப் பார்க்கிறாள்.

கோழி நெஞ்சிறைச்சியை நார்நாராகப் பிய்த்து, பாதாம் பாலிலும் அரிசி மாவிலும் கிண்டி, பன்னீர் தெளிக்கும் 'பியாங்கோ மஞ்சாரே'யும் வந்தது. பிய்க்கப் பிய்க்க விரல் நோகும். அரண்மனை அடுக்களையில் எத்தனை பேர் உழைத்திருப்பார்கள் என்பது அந்த நோவில்தான் பிள்ளைக்கு விளங்கும். அதையும் நீங்களே அரைக்கும் இயந்திரத்தில் போட்டுவிட்டீர்கள்.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். பாதாம் சேர்ந்த அந்தப் பண்டம் சீட்டு எதுவுமின்றி மேசையில் இருந்தது. கொட்டை வகை ஒவ்வாத பிள்ளை ஒன்று அதே வரிசையில் தட்டோடு நின்றது. ஆசிரியை கண்டு தடுத்ததால் தப்பினோம். சேர்மானங்களை எழுதி ஒட்டாத எந்தப் பாத்திரமும் இனி மண்டபத்துக்குள் வராது. யாருக்கும் விதிவிலக்கு இல்லை.

உங்கள் அன்பைக் குறைசொல்லவில்லை. வேலை முடிந்து வந்து நள்ளிரவு வரை அடுப்படியில் நின்றவர்களை அறிவேன். உரல் தந்தவர்களுக்கும், பாத்திரம் கழுவிய அப்பாமாருக்கும், ஊரிலிருந்து கறுவாப்பட்டை வருவித்த குடும்பத்துக்கும் நன்றி. ஸ்காப்பி காலத்திலும் நல்ல கறுவா நம் இலங்கைத் தீவிலிருந்துதான் ஐரோப்பாவுக்குக் கப்பலேறியது.

அடுத்த தவணையில் பிள்ளைகள் மண்டபத்திலேயே சமைப்பார்கள். அடுப்பருகே மேற்பார்வைக்கு மட்டும் சில பெரியவர்கள் தேவை. கரண்டியைத் தொடாமல் இருக்க முடியுமென்றால் வகுப்பாசிரியரிடம் பெயர் கொடுங்கள்.

இப்படிக்கு,
அதிபர்